‘ஒரு ஸ்பூன் தயிர்தானே!’ - பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு என்ன சமைக்கலாம்?

குட்டித் தட்டு: குழந்தைகளுக்கான வாராந்திர உணவுப் பகுதி

ஞாயிற்றுக்கிழமை மதியம். இரண்டரை வயதுப் பேரனுக்கு ரசம் சாதம் ஊட்டி முடித்துவிட்டார் பாட்டி. கிண்ணத்தில் இன்னும் ஒரு பிடி சாதம் இருக்கிறது. பக்கத்திலேயே தயிர்ப் பாத்திரம்.

“ஒரே ஒரு ஸ்பூன் தயிர்தானே... வயிறு குளிர்ந்து போகும்” என்றபடி அவர் பிசையப் போக, அடுப்படியிலிருந்து ஓடிவருகிறார் மருமகள். “ஐயோ அத்தை... வேணாம்!”

பாட்டியின் முகம் வாடிவிடுகிறது. “உன் புருஷனுக்கு இந்த வயசுல தயிர் சாதம் இல்லாம தூக்கமே வராது. தயிர் சாப்பிட்டு யாருக்கு என்னம்மா ஆயிருக்கு?”

மருமகளுக்குப் போன மாதம் நடந்தது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்து வீட்டில் கொடுத்த பால்கோவா ஒரு துளி. பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, அடுத்தடுத்து வாந்தி. ஆட்டோவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய அந்த இருபது நிமிடத்தில் பாட்டி கூட இல்லை; ஊரில் இருந்தார். அதனால் அவருக்கு அது ‘ஒரு ஸ்பூன் தயிர்’. மருமகளுக்கு அது வேறு.

பால் அலர்ஜி உள்ள குழந்தை இருக்கும் பல வீடுகளில் இந்தக் காட்சி ஏதாவது ஒரு வடிவில் நடக்கிறது. தப்பு யார் பக்கமும் இல்லை. பாலையும் நெய்யையும் பாசமாகவே பழகிய வீடுகள் நம்முடையவை. அந்தப் பாசத்தை நிறுத்தாமல், பாலை மட்டும் எப்படி நிறுத்துவது? நிறுத்திய இடத்தில் எதை வைப்பது?

‘பால் சேராது’ என்பதில் இரண்டு வகை

‘எனக்கும்தான் பால் சேராது, குடிச்சா வயிறு உப்பும்’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் லாக்டோஸ் பிரச்னை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் என்ஸைம் குறைவாக இருப்பதால் வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கு வரும். அவஸ்தைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

பால் அலர்ஜி வேறு. பாலில் உள்ள கேசீன், வே ஆகிய புரதங்களை எதிரி என்று நினைத்து, உடலின் நோய் எதிர்ப்பு சக்தி சண்டைக்குக் கிளம்புவதுதான் அலர்ஜி. இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று வெளிப்படுவது. இன்னொன்று, பல மணி நேரமோ, ஓரிரு நாள்களோ கழித்து மலத்தில் ரத்தம், சளி, தொடர் வயிற்றுப்போக்கு, எக்ஸிமா எனும் தோல் அழற்சி என மெதுவாக வருவது. இரண்டாவது வகையில் பால்தான் காரணம் என்று கண்டுபிடிக்கவே பல வாரங்கள் ஆகலாம்.

எது எப்படியானாலும், ‘அலர்ஜியாக இருக்குமோ’ என்ற சந்தேகத்தில் நீங்களாகவே பாலை நிறுத்திவிடாதீர்கள். குழந்தைகள் நல மருத்துவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். முதல் வகைக்குத் தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை உதவும். இரண்டாவது வகைக்குச் சில வாரங்கள் பாலை முழுக்க நிறுத்தி, பின் அவர் சொல்கிறபடி மறுபடி கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையா? தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாய் சாப்பிடும் பால் பொருள்களால் குழந்தைக்குத் தொந்தரவு வருகிறது என்றால், தாயும் பாலைத் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்வார். கூடவே தாய்க்குக் கால்சியமும் தருவார். ஒரு வயதுக்குள் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு, புரதம் நன்கு உடைக்கப்பட்ட பிரத்யேக ஃபார்முலா பவுடர்கள் உண்டு. அதையும் மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆட்டுப்பால், ஏ2 பால், நெய்... கொடுக்கலாமா?

கூடாது. பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. புரதங்கள் ஏறக்குறைய ஒரே ஜாடை என்பதால் உடலுக்கு வித்தியாசம் தெரியாது. ‘நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால்’ என்பவற்றிலும் கேசீனும் வேயும் இருக்கின்றன. ‘லாக்டோஸ் ஃப்ரீ’ பாலில் சர்க்கரையைத்தான் மாற்றியிருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும்.

‘நல்லா காய்ச்சிட்டா?’ காய்ச்சினாலும் கேசீன் பெரிதாக மாறாது. தயிராக உறைந்தாலும் புரதம் போகாது. நெய் பெரும்பகுதி கொழுப்புதான் என்றாலும், உருக்கும்போது அடியில் தங்கும் கசண்டு பால் புரதம்தான். அதன் துளிகள் நெய்யிலும் இருக்கும். எனவே மருத்துவர் அனுமதிக்கும்வரை நெய்யும் வேண்டாம்.

நம் அடுப்படியில் ஒளிந்திருக்கும் பால்

நல்ல செய்தி என்னவென்றால், தமிழ்நாட்டுச் சமையலில் பாதிக்கு மேல் பாலே இல்லை. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், சுண்டல், மீன்குழம்பு எதற்கும் பால் தேவையில்லை. பிரச்னை, பால் சத்தமில்லாமல் நுழையும் சின்னச் சின்ன இடங்கள்தான்.

* வாழைத்தண்டையும் வாழைப்பூவையும் நறுக்கி மோர்த் தண்ணீரில் போடுவோம், கறுக்காமல் இருக்க. அதற்குப் பதில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போதும்.
* வெண்டைக்காய் பிசுபிசுப்பு போக ஒரு ஸ்பூன் தயிர் விடுவோம். கொஞ்சம் புளித்தண்ணீர் தெளித்தாலும் அதே வேலை நடக்கும்.
* மோர்மிளகாய் வறுத்த எண்ணெயிலேயே அப்பளம் பொரிப்பது, மோர் சேர்த்த வடாம்.
* சிக்கன் ஊறவைக்கும் தயிர், பிரியாணியில் சேரும் தயிர்.
* ரவா தோசை மாவில் ஊற்றும் புளித்த மோர்.
* பெரியவர்களுக்கு நெய் ஊற்றிச் சுட்ட அதே கல்லில் குழந்தைக்கும் ஒரு தோசை.
* தயிர்க் கரண்டியைத் துடைத்துவிட்டு ரசத்தில் விடுவது.

கடைசி இரண்டும்தான் அடிக்கடி நடப்பவை. குழந்தைக்கு என்று ஒரு தோசைக்கல், ஒரு கரண்டி, ஒரு டம்ளர், ஒரு தட்டு தனியாக இருக்கட்டும். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் அடையாளம் தெரியும். தோசை வார்க்கும்போது முதல் தோசை குழந்தைக்கு. நெய் தோசை எல்லாம் அப்புறம்.

ஹோட்டலில் இன்னும் கவனம் தேவை. நான், பரோட்டா மாவில் பாலோ தயிரோ இருக்கலாம். குருமாவில் க்ரீம், பொங்கலில் நெய். தோசைக்கல்லில் வெண்ணெய் தேய்க்கும் கடைகளும் உண்டு. வெளியே சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் ஆவியில் வெந்த இட்லியோ இடியாப்பமோ ஓரளவு நிம்மதி. அதன் மேல் நெய் ஊற்ற வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று அர்த்தம். பால் இல்லை என்று அர்த்தமில்லை. நம் நாட்டு விதிப்படி பால் சைவத்தில்தான் சேரும்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, அலர்ஜி தரக்கூடிய பொருள்களைப் பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும்; அந்தப் பட்டியலில் பாலும் உண்டு. மூலப்பொருள் பட்டியலுக்குக் கீழே ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். ‘மே கன்டெய்ன் மில்க்’ என்றிருந்தால், அதே மெஷினில் பால் பொருளும் தயாராகிறது என்று புரிந்துகொண்டு தவிர்த்துவிடுங்கள்.

மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசீன், கேசினேட், பட்டர், கீ, சீஸ் பவுடர்... இவை எல்லாம் பாலின் வேறு வேறு பெயர்கள். பிஸ்கட், ரஸ்க், பிரெட், சாக்லேட், மசாலா சிப்ஸ், டம்ளர் பாலில் கலக்கும் சத்துபானப் பொடி ஆகியவற்றில் அடிக்கடி இருக்கும். ‘வீகன்’ முத்திரை ஓர் உதவிதான். ஆனால், அது அலர்ஜிக்கான உத்தரவாதம் இல்லை. அந்தப் பாக்கெட்டிலும் அலர்ஜி வரியைப் படிக்க வேண்டும். வழக்கமாக வாங்கும் பிஸ்கட் என்றாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். தயாரிப்பு முறை சொல்லாமல் மாறலாம்.

பல் மருத்துவரிடமும் அலர்ஜியைச் சொல்லுங்கள். பல் எனாமலுக்குத் தரும் சில க்ரீம்களில் பால் புரதம் உண்டு.

நிறுத்தினால் மட்டும் போதாது!

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பாலை நிறுத்தியதும் தடிப்பு போய்விடும், வீடே நிம்மதியாகும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் குழந்தையின் எடை நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 மி.கி. கால்சியமும் 12.5 கிராம் புரதமும் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை. 200 மி.லி. டம்ளரில் இரண்டு டம்ளர் பசும்பால் ஏறக்குறைய 480 மி.கி. கால்சியமும் சுமார் 13 கிராம் புரதமும் தருகிறது. அதாவது, இரண்டு டம்ளர் பாலை நிறுத்தினால், ஒரு நாள் தேவையை ஏறக்குறைய முழுசாக நிறுத்திவிடுகிறோம்.

அந்த இடத்தில் தேங்காய்ப்பாலை வைத்தால்? ருசி வரும், கொழுப்பு வரும், கலோரி வரும். புரதமும் கால்சியமும் வராது. கடையில் விற்கும் பாதாம் பாலிலும் புரதம் மிகக் குறைவு. அரிசிப் பாலைக் குட்டிக் குழந்தைகளுக்குத் தினசரி பானமாகக் கொடுப்பது நல்லதில்லை. புரதத்தில் பாலுக்குக் கிட்டத்தட்ட வருவது சோயா பால். இனிப்பில்லாத, கால்சியம் சேர்த்த சோயா பாலாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால், பால் அலர்ஜி உள்ள சில குழந்தைகளுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது; மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

புரதத்தை ஈடுகட்டுவது சுலபம். 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு சின்னத் துண்டு மீனில் 5 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும்.

கால்சியம்தான் உதைக்கும். 3 டேபிள்ஸ்பூன் கேழ்வரகு மாவில் 100 மி.கி. அளவு. ஒரு டேபிள்ஸ்பூன் எள்ளில் 100 மி.கி.க்கு மேல். ஒரு சின்னக் கைப்பிடி முருங்கைக்கீரையில் 75 மி.கி. அளவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் குழந்தை சாப்பிட்டாலும் 300-ஐத்தான் தொடும். அதிலும் தானியத்தில் உள்ள கால்சியம் முழுதாக உடலில் சேராது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி இருந்தால் கொஞ்சம் கூடும். இல்லையென்றால் கால்சியம் சிரப் தேவைப்படலாம். ‘சாப்பாட்டிலேயே சமாளித்துக்கொள்கிறேன்’ என்று வீம்பு வேண்டாம். எவ்வளவு தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: முட்டையும் சாப்பிடாத வீட்டில், குழந்தைக்கு வைட்டமின் பி12 கிடைக்கும் முக்கிய வழி பால்தான். அதையும் நிறுத்தினால் பி12 சப்ளிமென்ட் கட்டாயம் பேச வேண்டிய விஷயம். வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். மாதம் ஒரு முறை எடையையும் உயரத்தையும் குறித்து வையுங்கள்.

இரண்டரை வயதுக்கு ஒரு நாள் தட்டு

காலை: கேழ்வரகுக் கஞ்சி. 3 டேபிள்ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, இறக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் கருப்பட்டியும்.

பதினொரு மணிக்கு: மசித்த வாழைப்பழம் அல்லது பப்பாளி. கூடவே பாதி வேகவைத்த முட்டை.

மதியம்: குழைந்த சாதம், முருங்கைக்கீரை போட்ட பாசிப்பருப்புக் கூட்டு. நெய்க்குப் பதில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். அசைவ வீடென்றால் முள் நீக்கிய மீன் ஒரு துண்டு.

மாலை: உளுந்தங்களி ஓர் உருண்டை அல்லது நன்றாக மசித்த சுண்டல்.

இரவு: இடியாப்பமும் சொதியும். அல்லது இட்லியும், காரமில்லாத எள்ளுப்பொடி குழைத்த நல்லெண்ணெயும்.

‘கடைசிப் பிடி’க்கு: தயிர் சாதம் கேட்டு அடம்பிடிக்கும் குழந்தைக்கு, குழைந்த சாதத்தில் தேங்காய்ப்பால் விட்டு மசித்து, உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்து, எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டுங்கள். வெள்ளை வெளேரென்று, லேசான புளிப்போடு இருக்கும். இரண்டு மூன்று நாளில் பழகிவிடுவார்கள்.

எள், வேர்க்கடலை, முட்டை, மீன் எல்லாமே சில குழந்தைகளுக்குத் தனி அலர்ஜி தரலாம். இதுவரை கொடுத்திராத பொருளைப் பகல் நேரத்தில், துளியளவில், ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். முன்பே கடுமையான ரியாக்‌ஷன் வந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டபிறகே. கடலையும் பருப்பு வகைகளும் முழுதாக வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடியாகவோ விழுதாகவோ கொடுங்கள்.

மூன்று ரெசிப்பி

உளுந்தங்களி: தோல் உளுந்து ஒரு கப், பச்சரிசி கால் கப், இரண்டையும் வாசம் வர வறுத்து நைஸாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். கால் கப் கருப்பட்டியை ஒரு கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டவும். ஆறியதும் அதில் கால் கப் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறவும். நடுநடுவே இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வரும்போது இறக்கி, உருட்டிக் கொடுக்கலாம். நெய்யே தேடாத பலகாரம்.

குட்டிச் சொதி: திருநெல்வேலி மறுவீட்டு விருந்தின் சொதியைக் காரம் குறைத்துச் செய்தால் குழந்தைக்கும் விருந்துதான். வேகவைத்த பாசிப்பருப்பு கால் கப். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை இரண்டாம் தேங்காய்ப்பாலில் உப்புப் போட்டு வேகவைக்கவும். பருப்பைச் சேர்த்து, தட்டிய இஞ்சித் துண்டு ஒன்று போட்டுக் கொதிக்கவிட்டு இஞ்சியை எடுத்துவிடவும். கடைசியாக முதல் பால் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கவும். ஆறியபின் சில சொட்டு எலுமிச்சைச் சாறு.

பிறந்தநாள் கேக்: மைதா ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப், இனிப்பில்லாத கோகோ பவுடர் 3 டேபிள்ஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், எல்லாவற்றையும் சலிக்கவும். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் ஒரு கப், எண்ணெய் 5 டேபிள்ஸ்பூன், வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். இரண்டையும் சேர்த்து அதிகம் அடிக்காமல் கலந்து, எண்ணெய் தடவிய டின்னில் ஊற்றி உடனே அவனில் வையுங்கள். 180 டிகிரியில் 30-35 நிமிடம். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. கோகோ பாக்கெட்டில் அலர்ஜி வரியைப் படிக்க மறக்காதீர்கள்.

கோயில், கல்யாணம், ப்ளே ஸ்கூல்

சர்க்கரைப் பொங்கலில் நெய் உண்டு. பழநி பஞ்சாமிர்தத்திலும் நெய் உண்டு. சுண்டலும் பானகமும் பெரும்பாலும் பிரச்னையில்லை. ஆனாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நோன்புக் கஞ்சியில் சிலர் நெய் விட்டுத் தாளிப்பார்கள். கிறிஸ்துமஸ் கேக்கில் வெண்ணெய் இருக்கும். பிரசாதத்தை மறுப்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தால், கண்ணில் ஒற்றிக்கொண்டு பெரியவர்கள் சாப்பிடலாம். குழந்தைக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாய்.

ப்ளே ஸ்கூல் மிஸ்ஸிடம் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். ‘பால், தயிர், நெய், வெண்ணெய், சாக்லேட், பிஸ்கட் எதுவும் கூடாது. உடம்பு தடித்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே போன் செய்யவும். மூச்சுத்திணறினால் எங்களுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும்.’ இந்த மூன்று வரிகளும் மருத்துவரின் எண்ணும் போதும். மற்ற குழந்தைகளின் பிறந்தநாள் அன்று கொடுக்க, மிஸ்ஸிடம் ஒரு டப்பாவில் எள்ளுருண்டை கொடுத்து வைக்கலாம்.

இவை தெரிந்தால் தாமதிக்காதீர்கள்

மூச்சிரைப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், விடாத வாந்தி, குழந்தை வெளுத்துத் துவண்டுபோவது - இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையை நிற்கவோ நடக்கவோ வைக்காதீர்கள், படுக்க வையுங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் மட்டும் சாய்ந்து உட்கார வையுங்கள். இந்த நிலையில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி சிரப் அதற்கு ஈடாகாது. ஏற்கெனவே கடுமையான ரியாக்‌ஷன் வந்திருந்தால், அடுத்த முறை என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

எப்போது சரியாகும்?

பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் பால் அலர்ஜி தானாகவே விலகிவிடுகிறது. சிலருக்குக் கூடுதல் காலம் ஆகும். 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒரு முறை மருத்துவர் மறுபடி பரிசோதிப்பார். சில குழந்தைகளுக்கு முதலில் நன்றாக பேக் செய்த பால் பொருள் ஒத்துக்கொள்ளும், பால் கடைசியாகத்தான். ஆனால், ‘இப்ப சரியாயிருக்கும், கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போமா’ என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். அந்தச் சோதனை நடக்க வேண்டிய இடம் மருத்துவமனை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவோம். அன்று மாலை மருமகள், போன மாதம் செல்போனில் எடுத்த போட்டோவை அத்தையிடம் காட்டினார். மருத்துவரிடம் காட்டுவதற்காக எடுத்தது. வீங்கிய உதடு, தடித்த கன்னம். பாட்டி நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் உளுந்து வறுக்கும் வாசம் வந்தது.

அடுத்த வாரம் ஒரு வளைகாப்பு வீடு. யாரோ ஒருவர் பாசத்தோடு பேரன் வாயருகே பால் பாயசம் கொண்டுவர, மருமகள் எழுந்திருக்கும் முன்பே பாட்டியின் கை குறுக்கே போய்விட்டது.

“வேணாம்மா... எங்க புள்ளைக்குப் பால் ஆகாது. ஒரு ஸ்பூன்கூட ஆகாது.”

சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே உளுந்தங்களி.